தாவாத தேவாங்கும் மதிலேறிய ஓணானும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்னும் கிராமங்களின் வயல்களும் மேய்ச்சல் நிலங்களுமாய்க் கிடந்த பூமியில், 1978-ஆம் ஆண்டு கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர். கே. பாலிகா என்னும் தீர்க்கதரிசியின் முயற்சியால் எலெக்ட்ரானிக் சிட்டி என்ற தொழிற்பேட்டைக்கு அஸ்திவாரம் போட்டபோது, அந்தப் புதர்களிலும் பாறைகளிலும் வழிவழியாகக் குடியிருந்த ஜீவராசிகளைப் பற்றி எவரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. இன்று அங்கே கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. 2010-ல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் ஒன்று வேலைக்காரர்களை நகரத்திலிருந்து ஏற்றிக் கொண்டுவந்து இறக்குகிறது. ஆயினும் அந்தப் பேட்டைக்கு மேற்கே சிறிது தூரம் போனால், 1974-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பன்னேர்கட்டா வனம் தொடங்கி, தளி, அஞ்செட்டி முதலிய தமிழ்நாட்டுக் காடுகளோடு கலந்து காவிரிக்கரை வரைக்கும் நீண்டுவிடுகிறது.

இப்படிக் காடும் கணினியும் வேலிக்கு இருபுறமும் வசிக்கிற பிரதேசத்தில், எப்போதாவது ஒரு சிறுத்தை வழி தவறி வந்துவிட்டால் ஊரே அல்லோலகல்லோலப்படுகிறது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஓசூர் ரோட்டை அடுத்த கூட்லு கேட் பகுதியில் ஒரு சிறுத்தை நடமாடிய சில நாட்களில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. சிறுத்தையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதைக் காட்டிலும் பன்மடங்கு விசித்திரமான அவயவங்களும் ஸ்வபாவமும் வாய்ந்த சில சிறு பிராணிகள் இந்தப் பீடபூமியில் உண்டு. அவை ஒருவரையும் பயமுறுத்துவதில்லையாதலால் பத்திரிகையில் பெயர் அடிபடுவதுமில்லை. இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

முதலில் தேவாங்கு. ஒல்லியாய் இருப்பவனையும் திருதிருவென்று விழிப்பவனையும் தேவாங்கு என்று வைவதில் நமக்குள்ள பழக்கம், தேவாங்கை நேரில் பார்ப்பதில் இல்லை. கன்னடத்தில் காடுபாப்பா என்று செல்லமாக அழைக்கப்படும் இந்தப் பிராணி, குரங்கு, மனிதன் ஆகியோர் அடங்கிய முதனி வர்க்கத்தைச் சேர்ந்தது. அந்த வர்க்கத்தின் மிகப் பழைய கிளையொன்றில், மடகாஸ்கர் தீவின் லெமூர்களுக்கு உறவாக நிற்கிறது. எடை கால் கிலோவைச் சுற்றியே இருக்கும். வால் என்று சொல்லத்தக்க ஒன்று வெளியே தெரியாது. முகத்தின் பெரும்பகுதியை ஆக்கிரமித்துக்கொண்டிருக்கும் இரு கண்களும், விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலத்தைக் கொண்டிருப்பதால், ஒருமுறை உள்ளே புகுந்து தப்பிய வெளிச்சம் இரண்டாம் முறையும் பார்வைக்குப் பயன்படுகிறது. இரவில் விளக்கு பட்டதும் அக்கண்கள் செந்நிறமாக ஜொலிப்பது இதனால்தான்.

கண்ணைக் காட்டிலும் கைதான் எனக்கு ஆச்சரியம் தருவது. தேவாங்கின் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு நேர் எதிர்த்திசையில் விலகி நிற்கிறது. சுட்டுவிரலோ மிகவும் குறுகிப் பெயரளவுக்கே இருக்கிறது. சுட்டுவிரல் தேய்ந்தது ஊனமென்று தோன்றலாம். ஆனால் கட்டைவிரலுக்கும் எஞ்சிய விரல்களுக்கும் இடையே வாய் அகன்று, கையே ஓர் இடுக்கியாக மாறிவிட்டபடியால், மெல்லிய கொம்பைச் சுற்றி வளைத்துப் பிடிப்பதற்கு இதைவிடத் தோதான கருவியைக் கற்பனை செய்ய முடியாது. பிடித்த பிடியில் வெகுநேரம் அசையாமல் இருப்பதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. நம்முடைய கையை உயர்த்தி ஒரு கம்பியைப் பற்றிக்கொண்டு சில நிமிஷங்கள் தொங்கினால் தசை வலித்து விரல் தானாக விட்டுவிடுகிறது. தேவாங்கின் கைகால்களிலோ, நாம் ஒரே தமனியாகக் கொண்டிருக்கும் இரத்தக் குழாய் பல நுண்ணிய குழாய்களாகப் பிரிந்து அருகருகே இணையாக ஓடுகிறது. இந்த அமைப்பு, இறுக்கிப் பிடித்த நிலையிலும் தசைகளுக்கு இரத்தம் தடையின்றிப் போய்வர உதவுகிறது என்பது உடற்கூற்று நிபுணர்களின் கருத்து. பின்னங்காலின் இரண்டாம் விரலில் மட்டும் நகத்துக்குப் பதிலாக ரோமத்தைச் சீவிக்கொள்ள ஒரு கூரிய வளைநகம். கீழ்த்தாடையின் முன்பற்கள் முன்னோக்கிச் சாய்ந்து நெருங்கி ஒரு சீப்பு. அலங்காரத்துக்கு இத்தனை சாதனம் படைத்த பிராணி, சில வேளை தன் சிறுநீரைக் கைகால்களில் தேய்த்துக் கொள்ளுகிறது என்றால் வாசகர்கள் முகஞ்சுளிக்கலாம். போகிற வழியெல்லாம் தன் வாசனையை விட்டுச் செல்வதற்கு என்று சிலரும், கடிக்கிற பூச்சிகளின் விஷத்தைத் தணித்துக்கொள்வதற்கு என்று சிலரும் இதற்குக் காரணம் கூறுகிறார்கள்.

விஷப்பூச்சி என்றது வேடிக்கைக்காக அன்று. பிற பிராணிகள் ஒதுக்கித்தள்ளும் கசப்பான வண்டுகளையும், கடியெறும்புகளையும், கறையான்களையும் தேவாங்கு விருப்பத்தோடு உண்கிறது. திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர்க் காடுகளில் அன்னா நெகாரிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1990-களின் இறுதியில் இரவுகளைக் கழித்து, தேவாங்கின் உணவில் பெரும்பங்கு பூச்சிகளே, அவற்றிலும் எறும்பும் கறையானுமே மிகுதி என்று கண்டார். அதற்கு முன்பு தனிமை விரும்பி என்று புத்தகங்களில் எழுதப்பட்டிருந்த இப்பிராணி, பகலில் முட்செடிகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு குடும்பமாகத் தூங்குவதும், இரவில் சீழ்க்கையடித்துக் கூப்பிட்டுக் கொள்வதும், தாய் இரை தேடப் போகும்போது குட்டியை ஒரு கிளையில் விட்டுவிட்டுச் செல்வதும் இத்தகைய கவனிப்புகளால்தான் வெளிவந்தன. குட்டி அந்தக் கிளையைப் பற்றிக்கொண்டு, தாய் திரும்பும்வரை காத்திருக்கிறது. பிடிவிடாத அந்தக் கை பிறவியிலேயே வாய்த்திருந்தாலொழிய இந்த ஏற்பாடு நடக்காது.

தேவாங்கு சோம்பேறி என்று நினைப்பதும் தவறு. அவசரமானால் கிளை வழியே விறுவிறுவென்று ஓடும். பூச்சியைக் கண்டால் கை மின்னலாய்ப் பாயும். ஆனால் அது தாவாது. குரங்கு தாவும், மடகாஸ்கரின் லெமூர் தாவும், தேவாங்கு மட்டும், ஒரு கிளையை விடுமுன் அடுத்ததைப் பற்றியே தீரவேண்டும் என்ற நியமத்தை உடம்பிலேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. கிளையை உலுக்காமல், இலை சலசலக்காமல், பூச்சிக்கும் ஆந்தைக்கும் தெரியாமல் நகரும் வித்தை அதற்கு இந்த நியமத்தால் கிடைத்தது. புதரும் மரமும் கொடியும் பின்னிக் கிடந்த வறண்ட காட்டில் அதற்குத் தாவவேண்டிய தேவையே ஏற்படவில்லை.

இங்கேதான் தகவமைப்பு என்று நாம் சொல்லுகிற விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. உயிர்நூல் புத்தகங்களில், ஒவ்வொரு பிராணிக்கும் இயற்கை ஒரு பரிசு கொடுத்திருப்பதாகவும், அப்பரிசு எங்கே போனாலும் செல்லுபடியாகும் என்பதாகவும் ஒரு தொனி இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். உண்மையில் அது பரிசன்று; குறிப்பிட்ட ஓரிடத்தோடு பல்லாயிரம் தலைமுறைகள் செய்துகொண்ட ஒப்பந்தம். இடம் தன் பக்கத்து நிபந்தனையை மாற்றிக்கொண்டால் பிராணியின் சாமர்த்தியமே அதன் காலைக் கட்டிப்போடுகிறது. பெங்களூரின் பழைய மரச்சாலைகளிலும் தோப்புகளிலும் தேவாங்கு இன்றும் வாழ்கிறது. 1909-ல் தோன்றிய இந்திய அறிவியல் கழகத்தின் வளாகத்திலும் இருக்கிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் மலபார்த் தேவாங்கை ஆராய்ந்த காபேரி கார் குப்தா, பின்னர் இந்த நகரத்திலும் தேவாங்கைத் தேடும் பணியைத் தொடங்கி, ஆர்வமுள்ள குடிமக்களையும் இரவில் சிவப்பு விளக்கோடு உடன் அழைத்துச் சென்றார். அவர்கள் தேடிய இடங்களில் மரம் இருந்தால் மட்டும் போதாது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கிளை தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாலையை அகலப்படுத்தி இருபுறமும் கிளைகளைக் கழித்துவிட்டால், பதினைந்தடி இடைவெளி தேவாங்குக்கு ஒரு சமுத்திரமாகிவிடுகிறது. தாவத் தெரியாதாகையால் கீழே இறங்கிச் சாலையில் நடந்து வண்டியில் நசுங்குகிறது. அல்லது மின்கம்பியைக் கொம்பென்று நம்பிப் பற்றுகிறது. விடாமல் பற்றுவதற்கென்றே அமைந்த கை அங்கே என்ன செய்யும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, இடத்தோடு சேர்ந்து உடம்பும் மாறிய உதாரணமும் தேவாங்கு வமிசத்திலேயே உண்டு. இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த மலைக்காட்டில் வாழும் தேவாங்கு, அற்றுப்போய்விட்டதென்று பலகாலம் கருதப்பட்டு, 2010-ல் அதன் புகைப்படங்கள் வெளியானபோது உலகத்தை வியப்பில் ஆழ்த்தியது; அதன் கைகால்கள் குட்டை, ரோமம் அடர்த்தி. ஆனால் அம்மாற்றத்துக்குக் காலம் யுகக்கணக்கில் கிடைத்தது. ஓசூர் ரோட்டுக்கு நாற்பது ஆண்டுகளே போதுமாயிருந்தன.

அடுத்து பச்சோந்தி. உலகில் இருநூறுக்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்க, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது ஒன்றே ஒன்றுதான். அது இந்தப் பீடபூமியின் புதர்க்காடுகளிலும் வேலிகளிலும் வசிக்கிறது. இதுவும் பிடிக்கிற ஜாதி: விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி எதிரெதிர்க் கொத்துகளாகப் பிரிந்து கொம்பைக் கவ்வுகின்றன, வால் ஐந்தாவது கையாகச் சுற்றிக்கொள்கிறது. இரண்டு கண்களும் தனித்தனியே சுழன்று ஒரே சமயத்தில் முன்னும் பின்னும் பார்க்கின்றன. பூச்சியைக் கண்டதும் இரண்டும் ஒரே இலக்கில் குவிகின்றன. பிறகு நாக்கு. தன் உடம்பின் நீளத்தையும் மிஞ்சி வெளியே பாய்ந்து பத்தில் ஒரு விநாடிக்குள் இரையைத் தொட்டுவிடும் இந்த நாக்கைத் தசையின் வேகம் மட்டும் எறிந்துவிட முடியாது. நாக்கின் நடுவிலுள்ள எலும்புக்கும் வெளித்தசைக்கும் இடையில் அடுக்கடுக்கான நார்ப்படலங்கள் இருக்கின்றன. தசை மெதுவாக இறுகி அப்படலங்களை நீட்டி, உண்டிவில்லின் ரப்பரைப் பின்னுக்கு இழுப்பதுபோல சக்தியைச் சேர்த்துவைத்து, ஒரு கணத்தில் விட்டுவிடுகிறது. குளிர்ரத்தப் பிராணியாதலால் காலைக் குளிரில் பச்சோந்தியின் தசைகள் மந்தமாகிவிடும். ஆனால் இழுத்துவைத்த நாருக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை. அமெரிக்காவில் ஆண்டர்சன், டெபன் என்ற இருவர் 2010-ல் செய்த சோதனையில், பதினைந்து பாகைக் குளிரிலும் நாக்கு வெளியே பாய்கிற வேகம் சிறிதளவே குறைந்தது. தசையைக் கொண்டு உள்ளே இழுத்துக்கொள்கிற வேகமோ வெகுவாகக் குறைந்துவிட்டது. எறிவதற்கு வில், இழுப்பதற்குத் தசை என்ற இந்தப் பாகுபாட்டால், ஓணானும் பல்லியும் வெயிலுக்காகக் காத்திருக்கும் வேளையிலேயே பச்சோந்தி தன் காலை ஆகாரத்தை முடித்துவிட முடிகிறது.

நிறம் மாறுவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். ஜெனீவா விஞ்ஞானிகள் மடகாஸ்கர்ப் பச்சோந்தியொன்றை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட முடிவின்படி, அதன் தோலின் மேலடுக்கு உயிரணுக்களில் குவானின் என்னும் பொருளாலான நுண்படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. படிகங்கள் நெருங்கியிருக்கையில் நீலநிறம் பிரதிபலித்து, தோலிலுள்ள மஞ்சளோடு கலந்து பச்சையாகத் தோன்றுகிறது. கிளர்ச்சியுற்ற ஆண் பச்சோந்தியில் அவை விலகியதும் மஞ்சளும் சிவப்பும் மேலோங்குகின்றன. சாயத்தால் மட்டுமின்றி, ஒளி படும் இடைவெளியை மாற்றுவதாலும் வர்ணம் பிறக்கிறது. இம்மாற்றத்தின் முதன்மையான நோக்கமும் ஒளிந்துகொள்வதன்று. போட்டிக்காரனிடம் கோபத்தையும் பேடையிடம் பிரியத்தையும் பட்டவர்த்தனமாக அறிவிப்பதும், குளிர்ந்த உடம்பைக் கறுத்துக் காட்டி வெயிலை உறிஞ்சிக்கொள்வதும் அதன் காரியங்கள். உள்ளத்தில் இருப்பதை உடம்பெல்லாம் எழுதிக் காட்டுகிற இந்தச் சாதுவின் பெயரைக் கட்சி மாறுகிறவர்களுக்குச் சூட்டியிருக்கிறோம்.

முன்னொரு அடி வைத்துப் பின்னொரு அடி ஆடி நடக்கிற அதன் நடை, காற்றில் அசையும் இலைகளின் நடுவே அதை மறைக்கிறது. தார்ச்சாலையில் அதே நடை மரணம். பெண் பச்சோந்தி மண்ணைத் தோண்டி முட்டையிடத் தரைக்கு இறங்கியாகவேண்டும். அவ்வாறு இறங்குகிற வழியில் குறுக்கே ஒரு சாலை வந்துவிட்டால், அதைக் கடக்கச் செலவாகும் நிமிஷங்களை வாகனங்கள் அதற்கு அளிப்பதில்லை.

சில உயிர்களின் ஒப்பந்தம் இன்னும் குறுகியது. கோலார் மாவட்டத்து அனுமனஹள்ளியில், கருங்கல் பாறையினடியிலுள்ள ஒரே குகையில், கோலார் இலைமூக்கு வௌவால் வசிக்கிறது. 1994-ல் விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகமான இவ்வினம் வேறெங்கும் இருப்பதாக அறியப்படவில்லை. எஞ்சியவை இருநூறுக்கும் குறைவு. இலைமூக்கு என்பது முகத்தின் மேல் மடிந்துள்ள தோல்மடிப்பு. வாயைத் திறக்காமல் மூக்கு வழியாக எழுப்புகிற நுண்ணொலியை அம்மடிப்பு ஒரு திசையில் குவித்தனுப்ப, எதிரொலியைக் கொண்டே பூச்சியின் இருப்பிடத்தை அது அறிகிறது. இருட்டில் ஒரு கொசுவைக் கண்டுகொள்ளும் இந்த நுட்பம், குகையைச் சுற்றிலும் கல்லுடைக்க வருகிறவர்களிடம் எந்த உதவிக்கும் ஆகாது. நல்லவேளையாக, வௌவால் பாதுகாப்பில் ஈடுபட்டவர்களும் வனத்துறையும் அந்தக் குகையைக் காக்க முன்வந்திருக்கிறார்கள்.

இத்தனை துக்கத்துக்கு நடுவே ஒரு ஓணான் நன்றாகவே பிழைத்துக்கொண்டிருக்கிறது. பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் தேசியப் புவியியல் சின்னமாகப் போற்றப்படும் முந்நூறு கோடி ஆண்டுப் பாறையை வாசகர்கள் பார்த்திருக்கலாம். இப்பீடபூமி முழுவதும் நிலத்தைப் பிளந்து தலைநீட்டியிருக்கும் அத்தகைய பாறைகளே தென்னிந்தியப் பாறை ஓணானின் பூர்வீக வீடு. பேடையும் குட்டியும் பாறையின் பழுப்பு நிறத்தில் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். இனப்பெருக்க காலத்து ஆணோ உயரமான கல்லின்மேல் ஏறித் தண்டால் எடுத்துத் தன் வண்ணங்களைக் காட்டிக்கொள்ளும். இந்திய அறிவியல் கழகத்தில் மரியா தாக்கரும் அனுராதா பதபியாலும் இவ்வர்ணங்களை அளந்து பார்த்தார்கள். பேடையைக் கண்ட ஆண், முதுகைச் சிவப்பாகவும் பக்கங்களைக் கறுப்பாகவும் மாற்றிக்கொள்கிறது. எதிரி ஆணைக் கண்டால் முதுகில் மஞ்சளும் பக்கங்களில் ஆரஞ்சும் ஏறுகின்றன. பேடைக்குக் காட்டும் கோலத்தில் வர்ணபேதம் மிகுதி. எதிரிக்குக் காட்டும் கோலத்தில் மாறுகிற வேகம் மிகுதி. காதலில் அழகும் சண்டையில் விரைவும் வேண்டுமென்று ஓணானுக்கும் தெரிந்திருக்கிறது.

நகரம் விரிந்து பாறைகளை உடைத்தபோது இந்த ஓணான் என்ன செய்தது? கட்டடமாகாத மனைகளில் குவித்துவைத்த சிமெண்டுக் கற்களின் மேலும், காம்பௌண்டு மதிலின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெயிலில் சூடேறும் செங்குத்தான கெட்டிப் பரப்பும், ஆபத்து வந்தால் நுழைந்துகொள்ள ஓர் இடுக்கும்தான் அதன் ஒப்பந்தத்தில் கேட்டிருந்த நிபந்தனைகள். மேஸ்திரி கட்டிய சுவர் தற்செயலாக இரண்டையும் பூர்த்திசெய்துவிட்டது. 2019-ல் அதே இரு ஆராய்ச்சியாளர்களும் வெளியிட்ட சோதனை இன்னும் சுவையானது. புறநகர் ஓணான்களையும் கிராமப்புற ஓணான்களையும் பிடித்துவந்து, இரண்டு ஒளிவிடங்களில் எது பத்திரமானது என்று கற்கவைத்தார்கள். கற்றபின் பத்திரமான இடத்தை மாற்றிவைத்து மறுபடி கற்கவைத்தார்கள். இரண்டு தேர்விலும் புறநகர் ஓணான்கள் விரைவில் கற்று, குறைந்த பிழைகளே செய்தன. நாயும் பூனையும் மனிதனும் நாளுக்கு நாள் புதிய ஆபத்தை உண்டாக்குகிற இடத்தில், பழைய பழக்கத்தையே கட்டிக்கொண்டு அழாமல் கற்றதைத் திருத்திக்கொள்ளும் புத்தியும் பயன்தரும் தகவமைப்பாகிவிடுகிறது.

ஆயினும், ஓணானைக் காட்டி இயற்கை எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்ளும் என்று வாதிப்பவர்களிடம் எனக்கு அனுதாபமில்லை. ஓணானுக்குச் சுவர் வாய்த்தது. தேவாங்குக்குச் சுவரால் ஒரு பிரயோஜனமுமில்லை. அதற்கு வேண்டியது தொடர்ச்சியான கிளை. தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயத்தை அறிவித்தது; தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. சுற்றியுள்ள வறண்ட காட்டையும் முட்புதரையும் பயனற்ற பூமி என்று தள்ளாமல், அதுவே ஒரு பிராணியின் சர்வஸ்வம் என்று ஒப்புக்கொண்ட செய்கை என்ற வகையில் அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் சரணாலயம் அமைக்க இடமில்லை. அவ்வளவு பெரிய காரியம் அவசியமுமில்லை. அங்குள்ள கம்பெனி வளாகங்களையும் குடியிருப்புகளையும் நிர்வகிப்பவர்கள், பன்னேர்கட்டாவை ஒட்டிய பக்கத்திலாவது, தண்ணீர் குடிக்கும் புல்வெளியில் ஒரு பகுதியைப் புதர்ச்செடிகளுக்கு விட்டுக்கொடுக்கலாம். வருஷந்தோறும் மரக்கிளை கழிக்க ஆள் வரும்போது, இரண்டு மரங்கள் ஒன்றையொன்று தொடுகிற கிளையை மாத்திரம் விட்டுவிடும்படி அவரிடம் சொல்லி வையுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.